கவிழ்ந்த சீட்டைத் திறப்பதுதான் ஆட்டம்: போனிலும் கணினியிலும் சாலிட்டர் ஆடும் முறை

ரம்மியில் கை தேர்ந்தவர்கள்தான், ஒரே ஆள் ஆடும் சீட்டாட்டமான சாலிட்டரில் முதலில் தடுமாறுவார்கள். செட் சேர்ந்ததும் காட்டிவிட வேண்டும் என்று பழகிய கை, இங்கேயும் ஆஸ் மேல் 2, 2 மேல் 3 என்று கிடைத்ததையெல்லாம் மேலே ஏற்றிக்கொண்டே போகும். கொஞ்ச நேரத்தில் கீழே நகர்த்த ஒன்றும் இருக்காது. சாலிட்டரில் வெற்றி தோல்வியை முடிவு செய்வது மேலே ஏறிய சீட்டு அல்ல, கீழே கவிழ்ந்து கிடக்கும் 21 சீட்டு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

வெறுமனே சாலிட்டர் என்று எல்லோரும் சொல்லும் ஆட்டத்துக்குக் குளோன்டைக் என்று பெயர். ஜோக்கர் இல்லாத ஒரு கட்டு, 52 சீட்டு. ஏழு வரிசை: முதல் வரிசையில் 1, இரண்டாவதில் 2 என்று ஏழாவதில் 7 வரை, மொத்தம் 28. ஒவ்வொரு வரிசையிலும் கடைசிச் சீட்டு மட்டும் திறந்திருக்கும். மீதி 24 சீட்டு ஓரத்தில் கட்டாக இருக்கும். வரிசைகளில் இறங்குமுகமாக, கறுப்பு சிவப்பு மாற்றி மாற்றி அடுக்க வேண்டும்: கிளாவர் 9 மேல் ஆட்டின் 8 வைக்கலாம், இஸ்பேட் 8 வைக்க முடியாது. மேலே நான்கு இடம், ஒவ்வொரு சின்னத்துக்கும் ஒன்று. அங்கே ஆஸில் தொடங்கி ராஜா வரை ஏறுமுகம். காலியான வரிசையில் ராஜா மட்டுமே உட்கார முடியும். விதி அவ்வளவுதான்.

எதில் ஆடுவது

விண்டோஸ் 7 ஓடும் பழைய மடிக்கணினி இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. 2011-இல் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வந்தவையும் அதில் சேர்த்தி. அதில் சாலிட்டர், ஸ்பைடர், ஃப்ரீசெல் மூன்றும் விண்டோஸோடு சேர்ந்தே வந்தவை. ஸ்டார்ட் மெனுவில் கேம்ஸ் காணவில்லை என்றால் கன்ட்ரோல் பேனல் போய், புரோகிராம்ஸ் பகுதியில் விண்டோஸ் அம்சங்களை இயக்கவோ நிறுத்தவோ செய்யும் பட்டியலைத் திறந்து, கேம்ஸ் பெட்டியில் டிக் போட வேண்டும். இணையம் தேவையில்லை, விளம்பரம் வராது. சும்மா ஆட இதைவிட நல்லது இல்லை என்றே சொல்லலாம்.

விண்டோஸ் 10, 11 என்றால் மைக்ரோசாஃப்ட் சாலிட்டர் கலெக்‌ஷன். குளோன்டைக், ஸ்பைடர், ஃப்ரீசெல், ட்ரைபீக்ஸ், பிரமிட் ஐந்தும் ஒரே இடத்தில் இருக்கும், ஆனால் நடுநடுவே விளம்பரம் ஓடும். 2016-இலிருந்து இது ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் கிடைக்கிறது. லினக்ஸ் போட்ட கணினியாக இருந்தால் கேடிஇ என்ற மென்பொருள் குழுவின் கேபேஷன்ஸ் (KPatience) செயலியைத் தேடி நிறுவுங்கள்; இந்த ஆட்டத்தை இனி ஜெயிக்க முடியுமா முடியாதா என்று அதுவே கணக்குப் போட்டு ஓரத்தில் சொல்லிவிடும். கற்றுக்கொள்கிறவருக்கு இது பெரிய உதவி, ஏனென்றால் எந்த நகர்த்தலில் ஆட்டம் கெட்டது என்று உடனே தெரிந்துவிடும். எதையும் நிறுவ விருப்பமில்லை என்றால் கூகுளில் சாலிட்டர் என்று ஆங்கிலத்தில் தேடினாலே தேடல் பக்கத்தில் ஆட்டம் திறக்கும்.

போனில் எந்தச் செயலியைப் போட்டாலும் முதல் ஆட்டத்துக்கு முன் அமைப்புகளைத் திறந்து நான்கு விஷயம் பார்த்துவிடுங்கள். கட்டிலிருந்து ஒரு தடவைக்குப் புரட்டுவது ஒரு சீட்டா மூன்று சீட்டா என்பது முதலாவது. புதிதாக ஆடுகிறவர் ஒன்றில் தொடங்கட்டும். இரண்டாவது, தானாக மேலே ஏற்றும் வசதி: அதை நிறுத்திவைப்பது நல்லது, காரணம் பின்னால் வருகிறது. மூன்றாவது, ஜெயிக்கக்கூடிய ஆட்டங்களை மட்டும் கொடு என்ற தேர்வு. பல செயலிகளில் இது உண்டு; பழகும் வரை இயக்கி வைத்தால் தோற்றது சீட்டாலா நம்மாலா என்ற சந்தேகம் இருக்காது. நான்காவது, சீட்டின் அளவு. சிறிய திரையில் பெரிய எழுத்துச் சீட்டைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இஸ்பேடும் கிளாவரும் ஒன்று போலவே தெரியும். இடது கையால் ஆடுகிறவர்களுக்குக் கட்டை இடப்பக்கம் மாற்றும் வசதியும் அங்கேயே இருக்கும்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குத் தினமும் ஷிப்ட் பஸ்ஸில் போகிறவர்கள் சீட்டை இழுத்து வைப்பதைவிடத் தொட்டு நகர்த்தும் முறையையே வைத்துக்கொள்ளுங்கள். வண்டி குலுங்கினால் இழுத்த விரல் பாதியில் விடுபடும், சீட்டு வேறு வரிசையில் போய் விழும். தொட்டால் போகும் முறையில் இன்னொரு சிக்கல் உண்டு: ஒரு சீட்டு இரண்டு இடத்துக்குப் போக முடியும் என்றால் எந்த இடம் என்று செயலியே முடிவு செய்யும், அநேகமாக மேலேதான் ஏற்றும். நமக்கு வேண்டாத இடம் என்றால் அன்டூ அழுத்தித் திரும்பி எடுத்து, அந்த ஒரு சீட்டை மட்டும் இழுத்து வையுங்கள். திரை சுழலாமல் பூட்டிவிடுவதும் அவசியம். அஞ்செட்டி, ஒகேனக்கல் காட்டு வழியில் சிக்னல் விட்டு விட்டு வரும். அன்றாடச் சவால் மாதிரி இணையம் கேட்கும் பகுதியைத் தவிர்த்து சாதாரண ஆட்டத்தைத் திறந்தால் நெட் இல்லாமலே ஓடும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஆடினால் பெரும்பாலான செயலிகளில் விளம்பரமும் குறையும், பேட்டரியும் மிஞ்சும்.

பழைய மடிக்கணினியில் அடிக்கடி வரும் புகார், இழுக்கும்போதே சீட்டு பழைய இடத்துக்குத் திரும்பி ஓடுகிறது என்பது. ஆட்டத்தில் கோளாறு இல்லை. டச்பேடின் இடது பொத்தான் தேய்ந்துபோய், அழுத்திப் பிடித்திருக்கும்போது நடுவில் ஒரு நொடி தொடர்பு விடுகிறது. கணினி அதை விரலை எடுத்ததாக எடுத்துக்கொள்கிறது. ஒரு சாதாரண யுஎஸ்பி மவுஸ் செருகினால் தீர்ந்தது. மேலே அனுப்ப இழுக்கவே வேண்டாம், இரட்டைக் கிளிக் போதும். விண்டோஸ் 7-இல் எஃப் 2 புது ஆட்டம், கன்ட்ரோலோடு இசட் அழுத்தினால் ஒரு படி பின்னால், எச் அழுத்தினால் ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பை நம்ப வேண்டாம். நகர்த்த முடிகிற ஏதோ ஒன்றைக் காட்டுமே தவிர நல்ல நகர்த்தலைக் காட்டாது.

(இழுத்து வைக்கும் பழக்கத்துக்காகவே இந்த ஆட்டம் கணினிக்குள் வந்தது. 1990-இல் வந்த விண்டோஸ் 3.0-இல், மவுஸ் பிடித்தே அறியாத மக்களுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று சேர்த்தார்கள். எழுதியவர் மைக்ரோசாஃப்டில் பயிற்சிப் பணியில் இருந்த வெஸ் செர்ரி, சீட்டுகளை வரைந்தவர் சூசன் கேர்.)

குளோன்டைக்: எந்தச் சீட்டை முதலில் தொடுவது

ஆட்டம் விரிந்ததும் கட்டைத் தொடாதீர்கள். ஏழு வரிசையையும் ஒரு முறை பார்த்து, வரிசைக்குள்ளேயே நகர்த்த முடிவதை முதலில் பாருங்கள். ஆஸும் 2-ம் தென்பட்டால் யோசிக்காமல் மேலே அனுப்பலாம். அவற்றை நம்பிக் கீழே வேறு எந்தச் சீட்டும் காத்திருப்பதில்லை.

இரண்டு நகர்த்தல் இருக்கும்போதுதான் ஆட்டமே தொடங்குகிறது. ஐந்தாவது வரிசை முனையில் கிளாவர் 8 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வரிசையில் ஆட்டின் 7, அதன் அடியில் 2 கவிழ்ந்த சீட்டு. ஆறாவது வரிசையில் டைமன் 7, அதன் அடியில் 5. இரண்டில் ஒன்றுதான் கிளாவர் 8 மேல் போக முடியும். டைமன் 7-ஐ எடுங்கள். பெரிய வரிசையில்தான் கவிழ்ந்தவை அதிகம். அவற்றைக் கடைசிக்கு விட்டால் வேண்டிய ஆஸ் அங்கேயே புதைந்து கிடக்கும். விதிவிலக்கு ஒன்றுண்டு: கையோடு வைக்க ராஜா தயாராக இருந்தால், சின்ன வரிசையை முழுக்கக் காலி செய்வது லாபம்.

ராஜா இல்லாமல் வரிசையைக் காலி செய்வதுதான் அதிகம் பேர் செய்யும் தப்பு. காலி இடம் பார்க்க வசதியாகத் தெரியும். ராஜா வரும் வரை அதில் எதையும் வைக்க முடியாது, ஆக ஏழு வரிசை ஆட்டம் ஆறு வரிசை ஆட்டமாகிவிடுகிறது.

இரண்டு ராஜா கையில் இருந்தால்? கவிழ்ந்த சீட்டு மேல் உட்கார்ந்திருக்கும் ராஜாவுக்கே முதல் உரிமை. அவரை நகர்த்தினால் ஒரு சீட்டு திறக்கும், கட்டிலிருந்து வரும் ராஜாவால் எதுவும் திறக்காது. இரண்டுமே வரிசையில் இருந்தால் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு ராஜாவை வைத்தால் அதன் மேல் கறுப்பு ராணி, பிறகு சிவப்பு ஜாக்கி வர வேண்டும். இந்த இரண்டும் வெளியே தெரிகின்றனவா, அவற்றை எடுத்தால் அடியில் சீட்டு திறக்குமா என்று பார்த்து நிறத்தை முடிவு செய்யுங்கள். ராஜா வைத்த பிறகு ராணியைத் தேடுவது வீண்.

திறந்த தொடரை முழுசாகத்தான் நகர்த்த வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பாதியில் பிரிக்கலாம். இஸ்பேட் 6 மேல் ஆட்டின் 5 இருக்கிறது, மேலே இஸ்பேடுக்கு 6-தான் வேண்டும். வேறு வரிசையில் கிளாவர் 6 திறந்திருந்தால் ஆட்டின் 5-ஐ அங்கே மாற்றி, இஸ்பேட் 6-ஐ விடுவித்து ஏற்றிவிடலாம். கடைசிக் கட்டத்தில் ஆட்டத்தைக் காப்பாற்றுவது அநேகமாக இந்த வகை நகர்த்தல்தான்.

இனி மேலே ஏற்றும் கணக்கு. 3-லிருந்து எந்தச் சீட்டையும் ஏற்றும் முன், இதன் மேல் உட்கார வேண்டிய சீட்டு கீழே யாராவது உண்டா என்று கேளுங்கள். டைமன் 5-ஐ ஏற்றினால், இஸ்பேட் 4-க்கும் கிளாவர் 4-க்கும் உட்கார ஓர் இடம் குறைகிறது. இரண்டு கறுப்பு 4-ம் ஏற்கெனவே மேலே போயிருந்தால் டைமன் 5-ஐத் தாராளமாக ஏற்றலாம், இல்லையென்றால் ஏற்றுவதால் உடனே ஒரு சீட்டு திறக்குமா என்று பார்த்துச் செய்யுங்கள். தானாக ஏற்றும் வசதியை நிறுத்தச் சொன்னது இதற்காகத்தான். இந்தக் கணக்கை எல்லாச் செயலியும் பார்ப்பதில்லை. ஒரு சின்னம் மட்டும் 9 வரை ஏறி மற்றது 2-இல் நின்றால் ஆட்டம் இறுகிவிட்டது என்று அர்த்தம். மேலே போன சீட்டைக் கீழே இறக்கவும் முடியும். பழைய விண்டோஸ் கணக்கில் அதற்கு 15 மதிப்பெண் குறையும், குறையட்டும்.

மதிப்பெண்ணே ஆளைக் கெடுக்கும் ஒன்று. அந்தக் கணக்கில் மேலே ஏற்றினால் 10, கவிழ்ந்த சீட்டைத் திறந்தால் 5 மட்டும். ஜெயிக்க உதவுவதோ இரண்டாவது. கட்டிலிருந்து வரிசையில் வைத்தாலும் 5 உண்டு. ஆக கட்டில் வந்த சீட்டை நேராக ஏற்றாமல் வரிசை வழியாக ஏற்றினால் 10-க்குப் பதில் 15. வேகாஸ் கணக்கு என்றொன்று இருக்கும்: 52 டாலர் கடனில் தொடங்கி, மேலே ஏறும் சீட்டுக்கு 5 டாலர் வரவு. 11 சீட்டு ஏறினால் கடன் அடையும். அதில் மட்டும் ஏற்றும் அவசரத்துக்கு ஓரளவு நியாயம் உண்டு.

மூன்று சீட்டு ஆட்டத்தின் சூட்சுமம்

மூன்று மூன்றாகப் புரட்டும்போது மேலே இருக்கும் சீட்டு மட்டுமே எடுக்கக் கிடைக்கும். கட்டில் 24 சீட்டு முழுசாக இருக்கும்போது ஒரு சுற்றில் 3, 6, 9 என்று 24 வரை எட்டு சீட்டுதான் கைக்கு வரும். ஒன்றும் எடுக்காமல் எத்தனை சுற்று சுற்றினாலும் அதே எட்டுதான்.

முதல் குவியலில் 3-ஆம் சீட்டை எடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சுற்றில் வரிசை ஒன்று தள்ளிப்போகும். இப்போது 4, 7, 10, 13, 16, 19, 22, கடைசியாக 24. 3-ஐ எடுத்ததும் அடியில் தெரிந்த 2-ஐயும் எடுத்திருந்தால் 5, 8, 11 என்று போகும். மூன்றையும் எடுத்திருந்தால் ஒன்றுமே மாறாது, பழையபடி 6, 9, 12-தான். இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. கட்டின் முன்பக்கம் எடுக்கும் ஒவ்வொரு சீட்டும் பின்னால் வரும் எல்லாவற்றையும் மாற்றும். கடைசிப் பக்கம் எடுப்பது முன்னால் உள்ளதைத் தொடாது. ஆகையால் முதல் சுற்றில் எதையும் எடுக்காமல் புரட்டி, என்ன வருகிறது என்று மட்டும் பார்த்து வையுங்கள். இரண்டாம் சுற்றில், வேண்டிய சீட்டு பின்னால் கைக்கு எட்டும் நிலையில் இருந்தால் முன்பக்கத்தைத் தொடாமல் அதுவரை போங்கள். எட்டாத நிலையில் இருந்தால் முன்னால் ஒன்றோ இரண்டோ எடுத்து வரிசையைத் தள்ளிவிடுங்கள்.

சுற்ற எல்லை இல்லாத அமைப்பில், ஒரு முழுச் சுற்றில் கட்டிலிருந்தும் ஒன்றும் எடுக்க முடியவில்லை, வரிசையிலும் ஒன்றும் நகரவில்லை, மேலிருந்து இறக்கியும் பயனில்லை என்றால் ஆட்டம் முடிந்தது. எல்லாச் சீட்டும் தெரிந்தே ஆடினால் மூன்று சீட்டு ஆட்டங்களில் சுமார் 82 சதவீதம் ஜெயிக்கக்கூடியவை என்று கணினிக் கணக்கு சொல்கிறது. கவிழ்ந்ததைப் பார்க்காமல் ஆடும் நமக்கு அதில் பாதி வந்தாலே பெரிது.

ஸ்பைடர், ஃப்ரீசெல்

ஸ்பைடரில் இரண்டு கட்டு, 104 சீட்டு, பத்து வரிசை. முதல் நான்கில் ஆறாறு, மற்ற ஆறில் ஐயைந்து, ஆக 54. மீதி 50 சீட்டு, வரிசைக்கு ஒன்று வீதம் ஐந்து தடவை விழும். ராஜாவிலிருந்து ஆஸ் வரை ஒரே சின்னத்தில் கட்டினால் அந்தத் தொடர் தானாக விலகும். எட்டு தொடர் விலகினால் வெற்றி. எந்தச் சின்னம் மேல் எந்தச் சின்னமும் இறங்குமுகமாக வைக்கலாம், ஆனால் கூட்டமாக நகர்த்த ஒரே சின்னமாக இருக்க வேண்டும். கலந்து அடுக்கிய வரிசை பார்வைக்கு ஒழுங்காகத் தெரிந்தாலும் பிறகு ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க வேண்டும். ஆகவே இரண்டு இடம் கிடைத்தால் ஒரே சின்னத்தின் மேல் வையுங்கள். ஒரு சின்ன ஆட்டத்தில் தொடங்கி, அது சலித்த பிறகு இரண்டுக்குப் போங்கள். நான்கு சின்னம் வேறு ஆட்டம்.

புதுப் பத்து சீட்டு இறக்குவது கடைசி வழி. விண்டோஸ் ஸ்பைடரில் ஒரு வரிசை காலியாக இருந்தால் இறக்கவே விடாது. பொத்தான் வேலை செய்யவில்லை என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். காலி வரிசையை நிரப்பும்போது ஒற்றைச் சீட்டை வைக்காமல் ஒரே சின்னத் தொடராக நகர்த்துங்கள், பிறகு மீட்பது எளிது. இங்கே காலி வரிசைக்கு ராஜாதான் வேண்டும் என்ற கட்டுப்பாடு கிடையாது. அதனால் அந்த இடம்தான் ஆட்டத்தின் மூலதனம். கலந்து கிடப்பதைப் பிரித்து அடுக்க அதைப் பயன்படுத்தி, மறுபடி காலியாக்கிக்கொள்ளுங்கள்.

ஃப்ரீசெல்லில் கவிழ்ந்த சீட்டே இல்லை. எட்டு வரிசை, நான்கில் ஏழு, நான்கில் ஆறு. மேலே ஒரு பக்கம், சீட்டைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்க நான்கு காலி அறை. அதிர்ஷ்டத்துக்கு வேலை மிகக் குறைவு. விண்டோஸின் முதல் 32,000 எண்ணிட்ட ஆட்டங்களில் 11982 ஒன்று மட்டும்தான் ஜெயிக்க முடியாதது. அந்த எண் வந்தால் விட்டுவிடுங்கள். மற்றதில் தோற்றால் நம் கணக்கில்தான் குறை.

அந்தக் கணக்கு இதுதான்: ஒரே தடவையில் நகர்த்தக்கூடிய சீட்டு, காலி அறையின் எண்ணிக்கையோடு ஒன்று. நான்கு அறையும் காலி என்றால் 5, இரண்டு காலி என்றால் 3. ஒரு வரிசை முழுக்கக் காலியாக இருந்தால் அது இரட்டிக்கும், அதாவது இரண்டு அறையும் ஒரு வரிசையும் காலி என்றால் 6. ஆனால் அந்தக் காலி வரிசைக்கே நகர்த்துகிறீர்கள் என்றால் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, மறுபடி 3-தான். ஆறு போகும் என்று எண்ணி மூன்றோடு நின்றுபோவது இதனால்தான். தொடங்கும் முன் நான்கு ஆஸும் நான்கு 2-ம் எந்த ஆழத்தில் கிடக்கின்றன என்று பாருங்கள். எது அதிகம் புதைந்திருக்கிறதோ அந்த வரிசையைத்தான் முதலில் தோண்ட வேண்டும். மூன்றாவது அறை நிரம்பும்போது நின்று யோசியுங்கள். நான்காவதும் நிரம்பினால் ஒரு தடவைக்கு ஒரு சீட்டுதான் நகரும்.

பிரமிடில் கூட்டினால் 13 வரும் ஜோடிகளை எடுக்க வேண்டும்: ராணியும் ஆஸும், ஜாக்கியும் 2-ம், 10-ம் 3-ம், ராஜா தனியாகவே போவார். ட்ரைபீக்ஸில் திறந்த குவியலின் மேலே உள்ள சீட்டைவிட ஒன்று கூடவோ குறையவோ இருந்தால் போதும், நிறம் பார்க்க வேண்டாம். இரண்டும் ஐந்து நிமிட ஆட்டம். சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும் நேரத்துக்குப் பொருத்தம்.

பணம் கேட்கும் செயலிகள்

சாலிட்டர் ஆட உங்கள் தொடர்பு எண்களோ, இருப்பிடமோ, குறுஞ்செய்தியோ தேவையில்லை. அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். மறுத்தால் ஓடாத செயலியை நீக்கிவிடுங்கள். ஜெயித்தால் ரொக்கம் என்று பணம் கட்டச் சொல்லும் சாலிட்டர் பக்கமே போக வேண்டாம். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டமே கொண்டுவந்துவிட்டது. விளம்பரம் முழுத்திரையில் வந்தால் மூலையில் பெருக்கல் குறி வரும் வரை பொறுத்திருங்கள். அவசரத்தில் நடுவில் தொட்டால் வேறு செயலி இறங்கும் பக்கத்துக்குப் போய்விடும்.

விளம்பரம் வராத கட்டணச் சேவைக்குச் சேர்ந்துவிட்டு வேண்டாமென்று தோன்றினால், செயலியை நீக்குவது மட்டும் போதாது, மாதாமாதம் பணம் போய்க்கொண்டே இருக்கும். ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோரைத் திறந்து, வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தொட்டு, கட்டணங்களும் சந்தாக்களும் என்ற பகுதிக்குப் போய், அந்தச் சந்தாவை ரத்து செய்த பிறகே செயலியை நீக்குங்கள்.